பழைய புரொஜெக்டர் லென்ஸ், பெரிய கேமரா: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

பழைய இரும்புக் கடையிலோ, மூடிய தியேட்டரின் ஆபரேட்டர் அறையிலோ, கல்லூரி ஆய்வகத்தின் மூலையிலோ ஒரு பெரிய புரொஜெக்டர் லென்ஸ் கிடைக்கிறது. பித்தளை, கனம், முன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. பெரிய ஃபிலிம் கேமராவின் முன் பலகையில் துளை போட்டு மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறோம். கேமராவின் பின்னால் படம் விழும் சொரசொரப்பான கண்ணாடியின், அதாவது கிரவுண்ட் கிளாஸின், நடுவில் சின்ன அப்பளம் அளவுக்கு மட்டும் படம். மற்ற இடமெல்லாம் இருட்டு.

இந்த இடத்தில் பலர் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்த லென்ஸில் பெரும்பாலும் குறை எதுவும் இருக்காது. ஒரு குறிப்பிட்ட அளவு ஃபிலிமை அல்லது ஸ்லைடை மட்டும் காட்டுவதற்காகச் செய்த லென்ஸ் அது. எப்போதும் முழுத் திறப்பில் வேலை செய்வதற்காக, மனிதக் கண் பார்க்கும் வெளிச்சத்துக்காகக் கணக்கிட்டுச் செய்தது. கீழே வரும் கோளாறுகளில் முக்கியமானவை எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளம்புகிறவைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை மாற்ற முடியும், எதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

மாட்டும் முன் மூன்று அளவு

முதலில் திசை. புரொஜெக்டரில் எந்தப் பக்கம் திரையைப் பார்த்ததோ, அந்தப் பக்கம்தான் இப்போது காட்சியைப் பார்க்க வேண்டும். ஃபிலிம் இருந்த பக்கம் கேமராவின் உள்ளே போகும். புரொஜெக்டரில் ஒளி வெளியே போகிறது, கேமராவில் உள்ளே வருகிறது என்பதால் லென்ஸைத் திருப்பி மாட்ட வேண்டும் என்று நினைப்பது பொதுவான தவறு. ஒளியின் போக்கு மாறினாலும் பெரிய பிம்பம் எந்தப் பக்கம், சிறிய பிம்பம் எந்தப் பக்கம் என்பது மாறவில்லை.

அடுத்தது குவியத் தொலைவு. பேரலில் (லென்ஸின் உலோகக் குழாயில்) பொறித்திருந்தால் நல்லது. தேய்ந்திருந்தால் இப்படி அளக்கலாம். லென்ஸைக் கேமராவில் தற்காலிகமாகக் கட்டி, தொலைவில் உள்ள செல்போன் டவருக்கு ஃபோகஸ் செய்து ரெயிலில் (முன் பலகை நகரும் தண்டவாளத்தில்) பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு 10 செ.மீ. நீளமுள்ள ஒரு பொருள் கிளாஸில் 2.5 செ.மீ. ஆகத் தெரியும்படி கிட்டே போய், ஃபோகஸ் செய்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையிலான தூரத்தை 4-ஆல் பெருக்கினால் குவியத் தொலைவு வந்துவிடும். 75 மி.மீ. நகர்ந்திருந்தால் அது 300 மி.மீ. லென்ஸ். லென்ஸுக்குள் மையப்புள்ளி எங்கே இருக்கிறது என்ற தலைவலியே இதில் இல்லை. சூரியனைக் குவித்து அளக்க மட்டும் வேண்டாம். 80 மி.மீ. அகலக் கண்ணாடி குவிக்கும் வெயிலில் கேமராவின் மடிப்புத் துணியான பெல்லோஸ் பொசுங்கிவிடும்.

மூன்றாவது, திறப்பு. இரண்டு மீட்டர் தள்ளி நின்று முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வெளிச்ச வட்டத்தை, கண்ணாடிமேல் ஒட்டிய ஸ்கேலில் படியுங்கள். குவியத் தொலைவை அதனால் வகுத்தால் எஃப் எண். 300 மி.மீ. லென்ஸில் 83 மி.மீ. வட்டம் என்றால் எஃப்/3.6.

நடுவில் வட்டமாக மட்டும் படம், மூலைகள் கறுப்பு

அதிகம் பேரை விரட்டும் கோளாறு இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

4×5 அங்குல ஃபிலிமின் மூலைக்கு மூலை தூரம் சுமார் 153 மி.மீ. ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி போன்ற பழைய ஸ்டுடியோ மரக் கேமராவில் ஃபுல் பிளேட் அளவு வைத்திருந்தால் சுமார் 270 மி.மீ. லென்ஸ் தரும் பிம்ப வட்டம் இந்த விட்டத்தைத் தொட வேண்டும்.

இப்போது லென்ஸின் பிறப்பைப் பாருங்கள். 35 மி.மீ. சினிமா ஃபிலிமின் சட்டம் சுமார் 21×15 மி.மீ., மூலைக்கு மூலை 26 மி.மீ.தான். நம் ஊர்த் தியேட்டர்களிலிருந்து வெளியே வந்த லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்காகச் செய்தவை. சாதாரண ஸ்லைடு புரொஜெக்டர் 24×36 மி.மீ. சட்டத்துக்கானது, மூலைக்கு மூலை 43 மி.மீ. பழைய மேஜிக் லாந்தர் கண்ணாடி ஸ்லைடு, பிரிட்டிஷ் அளவில், 3¼ அங்குலச் சதுரம். மூலைக்கு மூலை 117 மி.மீ. புத்தகப் பக்கத்தையே திரையில் காட்டும் எபிடயாஸ்கோப்புக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம் தேவை. அதனால்தான் பெரிய கேமராக்காரர்கள் எபிடயாஸ்கோப் லென்ஸைத் தேடி அலைகிறார்கள். 300, 400 மி.மீ. குவியத் தொலைவு, எஃப்/4 பக்கத்தில் திறப்பு, அகன்ற வட்டம். பழைய கல்லூரிகளின் ஏலத்தில் "எபிடயாஸ்கோப், பழுது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போய்ப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் நமக்கு என்ன?

சரி, கையில் இருப்பது தியேட்டர் லென்ஸ்தான் என்றால்? வட்டம் நிரந்தரமாக ஒரே அளவில் இருப்பதில்லை. கிட்டே போகப் போக லென்ஸ் ஃபிலிமை விட்டு விலகும், வட்டமும் விரியும். உருப்பெருக்கத்தோடு 1-ஐக் கூட்டினால் எத்தனை மடங்கு விரிகிறது என்று வரும். தூரக் காட்சியில் 70 மி.மீ. வட்டம் தரும் லென்ஸ், பொருளை உள்ளபடியே அதே அளவில் படமெடுக்கும்போது 140 மி.மீ. தரும். 4×5-இன் மூலைகள் லேசாக இருண்டாலும் படம் நிறைந்துவிடும். ஆக, தியேட்டர் லென்ஸுக்குப் பூ, கடிகாரத்தின் உட்புறம், பாட்டியின் தோடு. லாந்தர் லென்ஸுக்கு முகம்: 117 மி.மீ. வட்டம், கால் அளவு (நாலில் ஒரு பங்கு) உருவத்தில் 146 மி.மீ. ஆகிறது. எபிடயாஸ்கோப் லென்ஸில் முழு ஆளையும் எடுக்கலாம்.

வட்டம் லென்ஸின் குணமா, நாம் மாட்டிய முறையின் குற்றமா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கிரவுண்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு, அதன் மூலை இருந்த இடத்தில் கண்ணை வைத்து லென்ஸைப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் அந்த மூலைக்கு முழு ஒளி கிடைக்கிறது. பூனைக்கண் மாதிரி இருபுறமும் கூராகத் தெரிந்தால், பேரலின் முன் வளையமும் பின் வளையமும் ஒளியை வெட்டுகின்றன. அது லென்ஸின் குணம், மாற்ற முடியாது. வெட்டு நேர்கோடாக இருந்தால் குற்றம் நம்முடையது. பலகைத் துளையின் விளிம்பு, முன்னால் போட்ட மறைப்பு, அல்லது நடுவில் தொங்கிப்போன பெல்லோஸ் மடிப்பு. பெல்லோஸை ஒரு நூலால் மேலே தூக்கிக் கட்டினாலே மூலை திறந்துவிடும்.

திறப்பைச் சிறிதாக்க லென்ஸின் முன்னால் துளையிட்ட அட்டை ஒட்டியவர்களுக்கும் இதே அறிகுறி வரும். நீளமான பேரலில் அட்டை முன்னால் இருந்தால் மூலைக்குப் போகும் கதிர்கள் அடிபடும். அட்டை உள்ளே, இரண்டு கண்ணாடித் தொகுதிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் சொன்ன வழி இன்றும் இதற்குச் சிறந்தது: பேரலில் ஒரு பிளவு, அதில் செருகி எடுக்கும் துளைத் தகடுகள். பேரலை அறுக்க மனம் வராதவர்கள் (எனக்கும் வராது) முன் தொகுதியைத் திருகிக் கழற்றி, கறுப்பு அட்டையில் வெட்டிய வளையத்தை உள்ளே போட்டு மூடலாம். துளையின் அளவை அட்டையில் அளக்காதீர்கள். முன்கண்ணாடி அதைப் பெரிதாக்கிக் காட்டும். வெளியிலிருந்து தெரியும் விட்டம்தான் கணக்கு.

தொலைவில் உள்ளது ஃபோகஸ் ஆகவில்லை, அல்லது கிட்டத்தில் உள்ளது ஆகவில்லை

முதலாவது, குட்டை லென்ஸின் நோய். 100 மி.மீ. தியேட்டர் லென்ஸில் பின்கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் இடையே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பெல்லோஸ் அவ்வளவு சுருங்காது. பேரலின் பின்முனையைப் பலகையில் மாட்டாமல், முன்முனைக்குக் கிட்டே வளையம் போட்டு மாட்டினால் பேரல் முழுக்கக் கேமராவுக்குள் இறங்கிவிடும். அதுவும் போதாவிட்டால் அந்த லென்ஸ் கிட்டப் படத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது, நீள லென்ஸின் நோய். 400 மி.மீ. லென்ஸில் கால் அளவு முகம் எடுக்க 500 மி.மீ. இழுவை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இழுக்க வேண்டிய தூரம்) வேண்டும். ஸ்பீட் கிராஃபிக் மாதிரிப் பழைய பத்திரிகைக் கேமராவில் இழுவை சுமார் 30 செ.மீ.தான், தூரக் காட்சிக்கே போதாது. பலகைக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி செய்து, அதன் முகப்பில் லென்ஸை மாட்டினால் அந்தப் பெட்டியின் ஆழமும் இழுவையோடு சேர்ந்துகொள்ளும்.

படம் முழுவதும், நடுவிலும்கூட, பஞ்சு மாதிரி

நடுவே கூர்மையாக இல்லாவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதை யாராவது கழற்றித் துடைத்திருக்கிறார்களா? தியேட்டரில் பல பத்தாண்டுகள் உழைத்த லென்ஸ் என்றால் பல கைகள் பட்டிருக்கும்.

பழைய புரொஜெக்டர் லென்ஸ்களில் பெரும்பகுதி பெட்ஸ்வால் அமைப்பு. 1840-இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் முகப்படம் எடுப்பதற்கென்று கணக்கிட்டது. முகத்துக்காகப் பிறந்த லென்ஸ் திரைக்குப் போய், இப்போது நம் கையால் முகத்துக்கே திரும்பி வருகிறது. முன்னால் ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. பின்னால் இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள், நடுவில் மெல்லிய வளையம். பிழை நடப்பது இந்தப் பின் தொகுதியில்தான். இருபுறமும் புடைத்த கண்ணாடி ஃபிலிம் பக்கம் இருக்க வேண்டும். குழிந்த மெல்லியது அதற்கு முன்னால், லென்ஸின் உட்பக்கம். வரிசை மாறினாலோ, வளையம் தொலைந்துபோனாலோ, ஒரு கண்ணாடி தலைகீழாக உட்கார்ந்தாலோ படம் முழுக்கப் பஞ்சாகிவிடும். வரிசை சரியாக இருந்தால், இரண்டு கண்ணாடிக்கு நான்கு வகை அமர்வு. நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டு, இருட்டறையில் ஒரு சின்ன எல்.இ.டி. புள்ளியைக் கிளாஸில் பாருங்கள். சரியான அமர்வில் புள்ளி சட்டென்று சுருங்கும். சந்தேகமே இருக்காது. கிடைத்ததும் கண்ணாடிகளின் விளிம்பில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள்.

வளையம் திருக வராவிட்டால் இடுக்கியை எடுக்காதீர்கள். மரையில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், ஓர் இரவு காத்திருப்பு, பிறகு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் அசைந்துவிடும்.

முன் இரட்டைக் கண்ணாடி வேறு விதமாகக் கெடும். கார்பன் விளக்கின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்ததால், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பால்சம் பிசின் பிரியும். விளிம்பில் வெள்ளி மீன்செதிள் போலவோ வானவில் வளையமாகவோ தெரியும். விளிம்போடு நின்றால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. நடுவரை வந்திருந்தால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும். முதல் லென்ஸில் அதைச் செய்து பார்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

நடுவில் கூர்மை, ஓரம் கரைகிறது, பின்னணி சுழல்கிறது

இதற்காகத்தான் பாதிப் பேர் இந்த லென்ஸைத் தேடுகிறார்கள். இருந்தாலும் வேண்டாதபோது வந்தால் கோளாறுதானே.

பெட்ஸ்வால் லென்ஸின் கூர்மைத் தளம் தட்டையாக இருக்காது, கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். சினிமாச் சட்டத்தின் சின்னப் பரப்பில் அந்த வளைவு தெரியாது. நாம் அதற்கு வெளியே, லென்ஸ் செய்தவர் எண்ணியே பார்க்காத பகுதியைப் பயன்படுத்துகிறோம். ஓரத்துக்கென்று தனியாக ஃபோகஸ் செய்து பார்த்தால் அங்கேயும் ஓரளவு கூர்மை வரும், அப்போது நடு போய்விடும். குழுப் படம் எடுக்கும்போது ஆட்களை நேர்க்கோட்டில் நிறுத்தாமல் பிறை வடிவில், ஓரத்து ஆட்கள் கேமராவை நோக்கி முன்னால் வரும்படி நிறுத்துங்கள். எஃப்/8 வரை திறப்பைக் குறைத்தால் இன்னும் நிமிரும். அதற்கு மேல் குறைத்தாலும் பெட்ஸ்வாலில் வட்டம் பெரிதாக விரியாது, பேரலே வெட்டிவிடும். ஓரம் வரை கூர்மை வேண்டும் என்கிறவர்கள் மூன்று கண்ணாடி அமைப்பில் வந்த எபிடயாஸ்கோப் லென்ஸுக்கு மாறிவிடுவது நல்லது.

சுழல் வேண்டும், வரவில்லை என்றால் பின்னணியை மாற்றுங்கள். வெற்றுச் சுவரில் சுழல் எப்படித் தெரியும்? இலை இடுக்குகளில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும் புளியமரமோ வேப்பமரமோ, ஆளுக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி இருக்கட்டும். திறப்பு முழுதாக இருக்கட்டும்.

கிளாஸில் கூர்மை, நெகட்டிவில் மங்கல்

என்னை அதிக நாள் அலைக்கழித்த கோளாறு இது. கண்ணால் பார்த்து, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்து, மூச்சைப் பிடித்து எடுத்த படம். கழுவிப் பார்த்தால் கண் மங்கி, காது கூர்மை. இதற்குக் காரணங்கள் பல. எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

ஆள் அசைந்தாரா? 300 மி.மீ., எஃப்/3.6, கால் அளவு முகம் என்றால் கூர்மையாக நிற்கும் ஆழம் மொத்தமே சுமார் ஒன்றரை செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி போய்விடும். ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, மூடியை இழுக்கும் இடைவெளியில் ஆள் லேசாக மூச்சு விட்டாலே போதும். தலைக்குப் பின்னால் ஒரு தாங்கல் வையுங்கள். ஆள் அசையாத பழைய ஸ்டுடியோ நாற்காலிகளின் மதிப்பு அப்போது புரியும்.

கிரவுண்ட் கிளாஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். உடைந்த கிளாஸுக்குப் பதிலாக யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் திருப்பி மாட்டியிருந்தால், கண்ணாடியின் கனமே பிழையாகிவிடும். 4×5 ஹோல்டரில் விளிம்பிலிருந்து ஃபிலிம் உட்காரும் தளம் வரை 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ. கிளாஸின் சொரசொரப்பு, அந்தத் தளத்தில் உட்காரும் ஃபிலிமின் முகம் இருக்கும் ஆழத்திலேயே இருக்க வேண்டும். எஃப்/3.6 திறப்பில் அரை மி.மீ. தவறினாலே படம் மங்கும். எஃப்/22-இல் வருடக்கணக்கில் வெளியே தெரியாத பிழை இந்த லென்ஸில் முதல் நாளே தெரிந்துவிடும். மரக் கேமராவின் பழைய பிளேட் ஹோல்டரில் போட்டோ பேப்பரை வைப்பவர்கள், அதன் முதுகில் பழைய பிளேட்டின் கனத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வெட்டி வையுங்கள். வெறும் காகிதம் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரி, இன்னும் மங்கல் என்றால், லென்ஸின் மூன்றாவது குணத்துக்கு வருகிறோம். இது கண்ணுக்காகச் செய்யப்பட்டது. நம் கண் பச்சை, மஞ்சள் வெளிச்சத்தில் கூர்மையை உணர்கிறது. போட்டோ பேப்பரோ, ஈர ரசாயனம் பூசிய தகடான வெட் பிளேட்டோ நீலத்தையும் ஊதாவையும்தான் பார்க்கும். அந்த ஒளி வேறொரு தளத்தில் குவிந்தால் கண் பார்த்த ஃபோகஸும் காகிதம் பார்த்த ஃபோகஸும் ஒன்றாக இராது. 1840-களில் லண்டனில் ஸ்டுடியோ வைத்திருந்த அந்துவான் கிளாடே இதை ஆராய்ந்து, அளப்பதற்கென்றே ஒரு கருவியும் செய்தார். நமக்கு ஏழு தீப்பெட்டி போதும்.

தீப்பெட்டிகளின் முகத்தில் 1 முதல் 7 வரை பெரிதாக எழுதுங்கள். மேசைமேல், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 செ.மீ. பின்னால் தள்ளியும், ஒன்றையொன்று மறைக்காதபடி பக்கவாட்டில் நகர்த்தியும் படிக்கட்டு மாதிரி நிறுத்துங்கள். 1 கேமராவுக்குக் கிட்டே, 7 தூரத்தில். 4-ஆம் பெட்டிக்கு முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்து, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் காகிதத்தில் அல்லது ஃபிலிமில் எடுங்கள். நெகட்டிவில் 4 கூர்மை என்றால் லென்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை. 3 கூர்மை என்றால், இனி கண் ஃபோகஸை ஒரு பெட்டி அளவு பின்னால் தள்ளி, 5-இல் வைத்து எடுங்கள். 4 கூர்மையாக வரும். அந்த அளவுக்கு முன் பலகை எவ்வளவு நகர்கிறது என்று ரெயிலில் குறித்துவிட்டால், அந்தத் தூரத்துப் படத்துக்கு அந்தத் திருத்தம் நிரந்தரம். ஃபில்டரால் மாறுபாட்டை (கிரேடு) மாற்றும் வகைக் காகிதம் பச்சையையும் பார்க்கும் என்பதால், அதோடு மஞ்சள் ஃபில்டர் போட்டால் இரண்டு ஃபோகஸும் நெருங்கி வரும். கடினமான மாறுபாடும் தணியும், எக்ஸ்போஷர் மட்டும் நீளும்.

திறப்பைக் குறைக்கும்போது ஃபோகஸ் நகரும் லென்ஸ்களும் உண்டு. எந்தத் துளைத் தகட்டில் எடுக்கிறீர்களோ அதைச் செருகியபடியே ஃபோகஸ் பார்ப்பதுதான் வழி.

நெகட்டிவ் முழுக்கச் சாம்பல் படலம்

மிகப் பழைய லென்ஸ்களில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்காது. கொஞ்சம் படலம் இயல்பு. அளவுக்கு மீறினால், செல்போன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். எண்ணெய் ஆவி படிந்திருந்தால் புகை மாதிரித் தெரியும், பூஞ்சை என்றால் சிலந்தி வலை மாதிரி. எண்ணெய் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போய்விடும். ஒட்டிய கண்ணாடியின் விளிம்பில் மட்டும் ஆல்கஹால் இறங்க விடாதீர்கள், பிசினைக் கரைத்துவிடும்.

கண்ணாடி சுத்தம், படலம் போகவில்லை என்றால் ஒளி வேறு எங்கோ பட்டுத் தெறிக்கிறது. மறுபடி கிளாஸைக் கழற்றி, கறுப்புத் துணிக்குள் இருந்து லென்ஸைப் பாருங்கள். லென்ஸைத் தவிர வேறு எது பளபளத்தாலும் அதுதான் திருடன். பெரும்பாலும் நாம் போட்ட பி.வி.சி. குழாயின் வழுவழுப்பான உட்சுவர். கரும்பலகைப் பெயிண்ட் இரண்டு கோட், அதற்கு மேல் கறுப்பு வெல்வெட் துணி. தேவைக்கு மிக அகன்ற வட்டம் தரும் எபிடயாஸ்கோப் லென்ஸில் மிச்ச ஒளி எல்லாம் பெல்லோஸின் உள்ளே அலையும். அதற்கு லென்ஸுக்கு முன்னால் செவ்வகத் திறப்புள்ள கறுப்பு அட்டைப் பெட்டி ஒன்று போதும். மூலையில் கண் வைத்துப் பார்த்து, அட்டை வெட்டத் தொடங்கும் இடத்துக்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்துங்கள்.

நெகட்டிவ் முழுக்கக் கறுத்துப்போகிறது

ஷட்டர் இல்லாத லென்ஸில் தொப்பியைக் கழற்றி மாட்டுகிறோம். கை ஒரு விநாடிக்குக் கீழே நம்பகமாக வேலை செய்யாது. கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம், எஃப்/3.6, உச்சி வெயில் என்றால் 1/2000 விநாடி. ஐ.எஸ்.ஓ. 6 என்று கணக்கு வைக்கும் காகிதத்தில்கூட வெயிலில் 1/120, திறந்த நிழலில் 1/15. தொப்பியால் முடியாது.

நிழலுக்கு வாருங்கள், காகிதத்தைப் பயன்படுத்துங்கள், ஒளியை ஆறு ஸ்டாப், அதாவது 64-இல் ஒரு பங்காக, குறைக்கும் கறுத்த என்.டி. ஃபில்டர் போடுங்கள்: 1/15 விநாடி 4 விநாடியாகிவிடும். முன்னால் மாட்டும் அளவுக்குப் பெரிய ஃபில்டர் விலை அதிகம். சிறியதைப் பின்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டலாம், அது ஒளிக்கூம்பை வெட்டாத வரையில். ஆனால் ஃபில்டரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் பின்னால் தள்ளும். 2 மி.மீ. கண்ணாடி என்றால் 0.7 மி.மீ.; மேலே சொன்ன அரை மி.மீ.யை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஃபில்டர் இருந்தால் அதைப் போட்டபடியேதான் ஃபோகஸ்.

வேகம்தான் வேண்டும் என்றால் ஃபிலிமுக்கு முன்னாலேயே திரை ஓடும் ஸ்பீட் கிராஃபிக் கேமரா 1/1000 வரை தரும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் தார்ன்டன்-பிக்கார்ட் சுருள்திரை ஷட்டர் பழைய ஸ்டுடியோக்களில் இன்னும் கிடைக்கிறது. துணி கிழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் நெகட்டிவ் வெளிறினால் பெல்லோஸ் நீட்டியதற்கு நேரம் கூட்டவில்லை என்று பொருள். உருப்பெருக்கத்தோடு 1 கூட்டி, அதை அதனாலேயே பெருக்குங்கள். கால் அளவு முகத்துக்கு ஒன்றரை மடங்கு, உள்ள அளவுக்கு நான்கு மடங்கு.

முகம் குச்சி மாதிரி நீண்டுபோகிறது

தியேட்டரில் சினிமாஸ்கோப் படத்துக்குப் போடும் கூடுதல் குழாய் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை மட்டும் கழற்றிவிடுங்கள்.

ஃபோகஸ் தானாக நகர்கிறது, லென்ஸ் தலை கவிழ்கிறது

மேல் மூலையும் கீழ் மூலையும் வேறு வேறு தூரத்தில் கூர்மையாக இருந்தால் லென்ஸின் கனத்தில் முன் பலகை சாய்ந்திருக்கிறது. சில எபிடயாஸ்கோப் லென்ஸ்கள் கேமராவின் எடைக்கே வரும். 4 மி.மீ. பிளைவுட் வளையும், 12 மி.மீ. போடுங்கள், பேரலின் வயிற்றுக்குக் கீழே ரெயிலில் உட்காரும்படி 'வி' வெட்டு வெட்டிய மரத் தாங்கல் ஒன்றும் வையுங்கள்.

பிடிப்புக்கு லேத் பட்டறை போகும் முன் பைப் கடைக்குப் போகலாம். ஐரோப்பியத் தியேட்டர் லென்ஸ்களில் பரவலான அளவு 62.5 மி.மீ. விட்டம். 63 மி.மீ. பி.வி.சி. குழாய்க்கான கப்ளிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றிரண்டு சுற்று சுற்றினால் கிண்ணென்று உட்காரும். இன்னொரு பரவலான அளவு 70.65 மி.மீ. அதற்கு 75 மி.மீ. கப்ளிங், இடைவெளிக்கு 2 மி.மீ. ரப்பர் ஷீட்டைச் சுற்றி, வெளியே ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். கப்ளிங்கைப் பாதியாக அறுத்து நீளவாக்கில் ஒரு பிளவு போட்டால்தான் கிளிப் இறுக்கும்.

அளவு இரண்டிலும் அடங்காத பேரல் என்றால் லேத்துதான். லென்ஸையே கையோடு கொண்டுபோங்கள். நான் முதன்முறை தாளில் விட்டத்தை எழுதிக்கொண்டு போனேன். பட்டறைக்கார அண்ணன் தாளைத் திருப்பிக் கொடுத்து, "பொருளைக் கொண்டாங்க தம்பி, இதெல்லாம் வட்டமா இருக்காது" என்றார். கொண்டுபோனேன். வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து காட்டினார்: 84.2, 84.9, 84.4. எப்போதோ கீழே விழுந்து பேரல் லேசாக நசுங்கியிருந்தது. வளையத்தை 85 மி.மீ.க்குக் கடைந்து, பக்கவாட்டில் மூன்று திருகு போட்டுத் தந்தார். அந்தத் திருகுகளை வைத்தே லென்ஸை நேர் பார்க்கவும் முடிகிறது. முன்கண்ணாடிமேல் ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடியை வைத்து, அதில் கிரவுண்ட் கிளாஸின் நடுப்புள்ளி தன்னையே பிரதிபலிக்கும்வரை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருகுகிறேன்.